மல்லைக் கடற்கரையில் ஒரு சக்கரப் பலகை

இரண்டு மாதமாக எங்கள் தாமானில் மாலை ஏழு மணி ஆனால் ஒரு சத்தம். கடகடவென்று ஓடும். 'டப்' என்று அடிக்கும். சற்று நேரம் நிசப்தம். பிறகு மறுபடியும் கடகட. குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலைகள் சுற்றி நிற்பதாலோ என்னவோ, சின்னச் சத்தம் கூடப் பெரிதாகக் கேட்கிறது. நாலாவது நாள் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அருகில் வந்து நின்றார்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் சொல்லுங்கண்ணே. இந்த வருசம் அவனுக்கு எஸ்பிஎம். புத்தகத்தத் தொடுறதே இல்ல. அந்தப் பலகையக் கட்டிக்கிட்டு அழுவுறான். இப்ப தங்கச்சிக்காரியும் அவன் பின்னாலயே ஓடுறா. பொம்பளப் புள்ள, நாளைக்கு விழுந்து மூஞ்சி கீஞ்சி உடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

பத்தி எழுதுகிறவன் என்றால் புத்திமதி கைவசம் இருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. சரி என்று கிளம்பினேன்.

கடைகள் அடைத்த பிறகு காலியாகக் கிடக்கும் கார் நிறுத்துமிடத்தில்தான் அவன் ஆட்டம். பழைய பலகை, யாரிடமோ 90 வெள்ளிக்கு வாங்கியது. வலது காலணியின் ஓரம் தேய்ந்து காலுறை எட்டிப் பார்த்தது. தங்கை ஒன்பது வயது இருக்கும், படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணன் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தாள். "பதினேழு!" என்று அவள் கத்தியபோது நான் போய்ச் சேர்ந்தேன். திட்டத்தான் போனேன். அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அவன் பழகிக்கொண்டிருந்தது 'ஆலி' என்னும் வித்தை. கையால் தொடாமல் பலகையோடு சேர்ந்து தரையிலிருந்து எழும்புவது. பார்க்கிறவனுக்குக் காலில் பசை போட்டு ஒட்டியதுபோல் தெரியும். பசை எதுவும் கிடையாது. பின்னங்காலால் பலகையின் வாலைத் தரையில் ஓங்கி அடிக்கிறான். மூக்கு மேலே கிளம்புகிறது. அதே கணத்தில் முன்னங்காலைப் பலகை மேல் முன்னோக்கி இழுக்கிறான். மேல்பரப்பில் உப்புத்தாள் போல் சொரசொரப்பான தாள் ஒட்டியிருக்கிறது. காலணி அதில் உராய்ந்து பலகையின் பின்பகுதியையும் மேலே இழுத்து வந்துவிடுகிறது. அடியும் இழுப்பும் ஒரு இமைப்பொழுது முன்பின் ஆனாலும் ஆள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். காலணி ஏன் அந்த ஒரே இடத்தில் தேய்ந்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. 1970களின் பிற்பாதியில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற அமெரிக்கப் பையன் கண்டுபிடித்தது இது. 'ஆலி' என்பது அவனுடைய பட்டப்பெயர்.

இந்த விளையாட்டே கடலில் இருந்து கரையேறியதுதான். அலை இல்லாத நாளில் என்ன செய்வது என்று தவித்த கலிஃபோர்னியா அலைச்சறுக்குக்காரர்கள் 1950களில் பலகைக்குச் சக்கரம் பூட்டினார்கள். 1970களின் நடுவில் அங்கே கடும் வறட்சி. வீடுகளின் நீச்சல் குளங்கள் வற்றிப்போக, பையன்கள் சுவர் ஏறிக் குதித்து அந்தக் குழிகளின் வளைந்த சுவர்களில் பலகை ஓட்டினார்கள். இன்றைக்கு ஒலிம்பிக்கில் 'பார்க்' என்று நடக்கும் பிரிவின் கிண்ணம் போன்ற களத்துக்கு மூலம் அந்தத் திருட்டுக் குளியலறைதான், அதாவது தண்ணீர் இல்லாத குளம். நம் கிந்தாவிலும் ஈயக் குட்டைகளுக்குப் பஞ்சமில்லை. அவை வற்றித் தொலைவதில்லை என்பதுதான் பையன்களின் துரதிர்ஷ்டம்.

தோட்டத்தில் பிறந்த எனக்கு இதெல்லாம் முழுக்க அந்நியமாகவும் படவில்லை. கமுகம் பாளையில் ஒருவனை உட்கார வைத்து மேட்டிலிருந்து இழுத்து விடுவோம். கீழே லயத்துக் கால்வாயில் போய் விழுவான். வீட்டுக்குப் போனால் விழுந்ததற்குத் தனியாக அடி.

"நீ வேணும்னா பாருங்க அங்கிள்" என்று மரியாதையும் மரியாதைக்குறைவும் கலந்து கைப்பேசியை நீட்டினான் பையன். திரையில் ஒரு புகைப்படம். வெள்ளைக் கவுன் போட்ட கறுத்த சிறுமி, காலில் செருப்புக்கூட இல்லை, சரிவின் மேல் பலகையில் நிற்கிறாள். "நம்ம ஆளு, தமிழ்ப் பொண்ணு" என்றான்.

அந்தப் பெண்ணின் பெயர் கமலி. ஊர் மாமல்லபுரம். பல்லவர் கோயிலைப் பார்க்கப் போன நம்மவர்கள் கடற்கரைக் கோயிலில் படம் எடுத்துக்கொண்டு, மீன் வறுவல் தின்று திரும்பியிருப்போம். அந்தக் கடற்கரையோரம் சின்னக் கடை வைத்துப் பிழைத்தவர்தான் கமலியின் தாய் சுகந்தி. தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தவர். மீனவர் குப்பத்தில் பலகை ஓட்டிய ஒரே சிறுமி அவர் மகள். ஜேமி தாமஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் எடுத்த அந்தப் படத்தை, இந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயரான டோனி ஹாக் தம் பக்கத்தில் பகிர்ந்தார். உலகம் பார்த்தது.

பிறகு சாஷா ரெயின்போ என்ற இயக்குநர் 'கமலி' என்ற பெயரிலேயே 24 நிமிட ஆவணப்படம் எடுத்தார். 2020ஆம் ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குச் சிறந்த பிரிட்டிஷ் குறும்படப் பிரிவில் ஐந்து படங்கள் தேர்வாயின. அவற்றில் ஒன்று 'கமலி'. இன்னொன்று காபூலில் பலகை ஓட்டக் கற்கும் ஆப்கன் சிறுமிகளைப் பற்றியது. ஐந்தில் இரண்டு, பலகை மேல் ஏறிய பெண் பிள்ளைகள் பற்றி! விருது காபூல் படத்துக்குப் போனது. அதே படம் அந்த ஆண்டு ஆஸ்காரும் வாங்கியது. நம் பெண் தோற்றுப்போனாளே என்று எனக்கு வருத்தம் வரவில்லை. அடுத்த ஆண்டே காபூல் தாலிபான் கைக்குப் போனது. அந்தப் படத்துச் சிறுமிகளின் பலகைகள் இப்போது எந்தக் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றனவோ என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இந்தியாவில் கமலி ஒருத்திதான் என்றும் இல்லை. பெங்களூரின் அதிதா வர்கீஸ் பெண் பிள்ளைகளுக்கென்றே ஓர் இயக்கம் தொடங்கிச் சொல்லிக் கொடுத்தார். மத்தியப் பிரதேசத்து ஜன்வார் கிராமத்தில் உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மன் பெண்மணி 2015இல் ஒரு களம் கட்டினார். அங்கே இரண்டே சட்டம்: பள்ளிக்கூடம் போகாதவனுக்குப் பலகை கிடையாது, பெண்களுக்கே முதலிடம். எஸ்பிஎம் பிள்ளையின் தாய் இந்த முதல் சட்டத்தைக் கேட்டால் மகிழ்வார் என்று குறித்துக்கொண்டேன்.

நம் நாட்டிலும் இருக்கிறது கதை. 2018இல் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் இது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பாலெம்பாங் களத்தில் மலேசியாவுக்காக இறங்கியவர்களில் ஒருத்தி 12 வயது பத்தின் ஷாஹிரா ரோஸ்ஸிஸி, முக்காட்டோடு. மூன்றாண்டு கழித்து தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 'ஸ்ட்ரீட்' பிரிவில் பதக்கம் வாங்கிய மூவரின் வயது 13, 13, 16. வெள்ளி வென்ற பிரேசில் சிறுமி ரைசா லீல், ஏழு வயதில் நீல நிறத் தேவதை உடுப்பில் பலகை ஓட்டிய காணொளியால் பெயர் வாங்கியவள். அதையும் பகிர்ந்தவர் அதே டோனி ஹாக்.

நீலக் கவுன்காரி ஒலிம்பிக் மேடை ஏறினாள். வெள்ளைக் கவுன்காரி? கமலி கடலில் இறங்கினாள். அலைச்சறுக்கில் தேசியப் போட்டிகளில் பட்டங்கள் வென்று, இன்று இந்தியாவின் முன்னணி வீராங்கனைகளில் ஒருத்தியாக நிற்கிறாள். பலகைக்குக் களம் வேண்டும், சிமெண்டு வேண்டும், யாராவது அனுமதி தர வேண்டும். கடல் வாசலிலேயே இருந்தது. என் கணக்கு இதுதான், தவறாகவும் இருக்கலாம்.

அனுமதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் நின்ற அந்த அரை மணி நேரத்துக்குள் ஜாகா இரண்டு முறை வந்து விரட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காரில் கீறல் விழுந்தால் அவர் சம்பளத்தில்தான் கைவைப்பார்கள். ஆனால் அதே இடத்தில் சற்றுத் தள்ளி நான்கு பேர் சுருட்டோடும் போத்தலோடும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் போடவில்லை அல்லவா! பையன் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் மறைந்தான். பிறகு வந்தான்.

"எங்கதான்டா போவ?" என்றேன்.

"எங்க போறது அங்கிள்? ரோட்டுல விட்டா லோரி. இங்க விட்டா இவரு. மழ பேஞ்சா பேரிங் துரு புடிச்சிரும்."

ஈப்போவில் மதியம் தாண்டினால் மழை என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூரை போட்ட ஒரு சிமெண்டுத் தரை போதும், அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. தாமானுக்குத் தாமான் பூப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் இடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். இதற்கும் ஒரு விண்ணப்பம் எழுதி மாநகர் மன்றத்துக்குக் கொடுப்பதாக அவனிடம் சொல்லியிருக்கிறேன். எழுதியும் விட்டேன். ஒரு நிபந்தனை வைத்தேன்: ஜன்வார் சட்டம், பள்ளிப் பாடம் முடித்த பிறகுதான் பலகை. முகத்தைச் சுளித்தான். தலையை ஆட்டினான்.

அவன் அம்மாவிடம் என்ன சொல்வது? புத்திமதி எதுவும் வாயில் வரவில்லை. சனிக்கிழமை இரவு வீட்டுக்கு அழைத்து, என் மனைவியும் கூட உட்கார, அந்த 24 நிமிடப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டேன். சப்டைட்டில் பார்க்கத் தேவையில்லை, பேசுவது நம் பேச்சு. கமலி விழும்போதெல்லாம் அந்த அம்மா "ஐயோ" என்றார். சுகந்தி தன் பிழைப்பைப் பற்றிப் பேசிய இடங்களில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் முந்தானையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். இவரும் பத்து வருடமாகத் தனியாகத்தான் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ் ஏறுகிறவர்.

படம் முடிந்தது. என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தோம். தேநீர் ஆறிப்போயிருந்தது.

"அந்தப் புள்ளைக்கு ஒரு சப்பாத்து வாங்கிக் குடுக்க ஆளில்லையாண்ணே?" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, "தலைக்கு மாட்டுறது, அது என்னா வெலை?"