காவல்துறை அறிக்கையும் உழைப்பாளர் இழப்பீடும்

நாட்டின் சாலைகளில் 2022-இல் 1,68,491 பேர் மாண்டனர். 4,43,366 பேர் காயமுற்றனர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. மாண்டோரில் பெரும்பாலோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்களும் நடந்து சென்றவர்களுமே.

இழப்பீட்டைத் தீர்மானிப்பது தீர்ப்பாயம். ஆனால் அதற்கான அடித்தளம் காவல் நிலையத்திலேயே இடப்படுகிறது. முதல் தகவல் அறிக்கை, விபத்து நடந்த இடத்தின் வரைபடம், வாகனப் பதிவெண், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றில் ஒன்று விடுபட்டாலும் காப்பீட்டு நிறுவனங்கள் அதையே பற்றிக்கொண்டு வழக்காடுகின்றன. மோதிய வாகனம் கண்டறியப்படாவிட்டாலோ, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயமுற்றவருக்கு 50,000 ரூபாய் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

சட்டம் ஊமையாக இல்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் காவல்துறை தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் தகவல் அறிக்கை தாமதமானது என்ற ஒரே காரணத்தால் இழப்பீட்டுக் கோரிக்கையை ஐயுறலாகாது என 2011-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்பணிக்கெனக் காவல் நிலையங்களில் தனிப்பிரிவு அமைக்குமாறு 2022 டிசம்பரில் ஆணையும் இட்டது.

ஆயினும், 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 6 மாதங்களுக்குள் மனுச் செய்யவேண்டுமென்ற கெடுவைப் பாதிக்கப்பட்டோர் தலையில் சுமத்தியது. தன் கெடுவைத் தவறவிடும் அதிகாரிக்கு என்ன இழப்பு? அக்கெடு நீக்கப்பட வேண்டும். கடமை தவறும் அதிகாரிகள் பொறுப்பேற்கச் செய்யப்பட வேண்டும்.

அதுவரை காத்திராமல், பாதிக்கப்பட்ட குடும்பங்களுடன் தோழர்கள் காவல் நிலையம் செல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. எவரும் அளிக்கும் சலுகை அன்று.