உறைவதெல்லாம் ஒன்றா?

திரவம் திடமாவதற்கு உதாரணம் கேட்டேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, "மங்கில் ரப்பர் பால் உறைவது" என்று எழுதினாள். தவறு என்று சிவப்புக் கோடு போட்டேன். "தாத்தா அப்படித்தானே சார் சொல்வாரு?" என்றவளின் கண்கள் கலங்கின.

தாத்தா சொன்னதில் பிழையில்லை. நம் தமிழில் தண்ணீரும் உறையும், தயிரும் உறையும். பிள்ளைக்குக் குழப்பம் வராதா?

மறுநாள் ஒரு மங்கில் ஐஸ் கட்டியும் இன்னொன்றில் கட்டிப்பாலும் போட்டு வெயிலில் வைத்தோம். ஐஸ் தண்ணீரானது. கட்டிப்பாலோ இன்னும் இறுகியதே தவிர, பாலாகவில்லை.

காரணம் இதுதான். தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறைவது வெறும் நிலைமாற்றம். சூடு பட்டால் பழையபடி தண்ணீராகிவிடும். ரப்பர் பாலில் நீரில் மிதக்கும் நுண்துகள்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. ஸ்டோரில் பார்மிக் அமிலம் ஊற்றினாலும், மங்கிலேயே கிடந்து கிருமிகளால் புளித்தாலும், அந்த விலக்கம் போய்த் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. பால் புளித்துத் தயிராவதும் ஏறக்குறைய இப்படித்தான். தயிரைச் சூடாக்கினால் பால் கிடைக்குமா?

"அப்போ ஐஸ் திரும்பி வரும், இது வராது. அதானே சார்?" என்றாள் அவள். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'நல்ல கேள்வி' என்று எழுதிக் கொடுத்தேன்.

பெற்றோர்களே, நம் ஜொகூரில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் பல. ஒரு மங்குப் பால் கிடைத்தால், பிள்ளைகளிடம் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். கேள்வி தானே வரும்.