உம்மாவின் அடுப்புக்கு ஏன் வரி?

"விறகடுப்பில் அவிக்கிற இடியப்பத்துக்குத் தனி ருசி" என்று எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் சொல்வார்கள். உம்மா பதில் சொல்லாமல் சிரிப்பார். அந்த ருசிக்காக அவர் எத்தனை மணிக்கு எழும்புகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

உம்மா கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். கேஸ் அடுப்பு வாங்கிய பிறகு காலை நாலரைக்கு எழும்பினால் போதுமாக இருந்தது. 2024 ஜனவரியில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 685 ரூபாவால் கூடி 4,250 ரூபாவானது. சிலிண்டர் மூலைக்குப் போனது. விறகு முற்றத்துக்கு வந்தது. இப்போது உம்மா மூன்று மணிக்கே எழும்புகிறார். அவருடன் நானும் எழும்பி, சிரட்டையும் பொச்சுமட்டையும் வைத்து அடுப்பை மூட்டுகிறேன். நான் எழும்ப வேண்டும் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. தம்பி எழும்ப வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த விலையேற்றத்துக்குப் பிரதான காரணம் வரி. பெறுமதி சேர் வரி, அதாவது நாம் "வற்" என்று சொல்வது, 2024 ஜனவரி முதலாம் திகதி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவும் அன்றிலிருந்தே அதற்குள் வந்தது. வர்த்தகப் பிரிவில் படிக்கும் நான் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4,250 ரூபாவில் ஏறத்தாழ 648 ரூபா வரி. இடியப்பத் தொழிலுக்கும் வீட்டுச் சமையலுக்கும் மாதம் இரண்டு சிலிண்டர் என்றால் வருடத்துக்குப் பதினைந்தாயிரம் ரூபாவுக்கு மேல். எங்கள் வீட்டில் அது ஒரு பிள்ளையின் பாடசாலைச் செலவு.

பிறகு உலகச் சந்தையில் விலை குறைந்தபோது சிலிண்டர் விலையும் ஓரளவு இறங்கியது. ஆனால் 18 வீதம் இறங்கவில்லை.

வரி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். அங்கேதான் அநியாயம் இருக்கிறது. வற் வரிக்குப் பதிவு செய்த பெரிய ஹோட்டல், தொழிலுக்காக வாங்கும் எரிவாயுவுக்குக் கட்டிய வரியை, தான் அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வருடத்துக்கு 60 மில்லியன் ரூபாவுக்கு மேல் விற்பனை உள்ளவர்கள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது 2024இல் வந்த எல்லை. உம்மாவின் விற்பனை அந்த எல்லையின் நிழலைக்கூடத் தொடாது. அவர் பதிவு செய்தவர் அல்லர். ஒரு சதத்தையும் கழிக்க முடியாது. விலையைக் கூட்டவும் முடியாது. ஓர் இடியப்பத்துக்கு இரண்டு ரூபா கூட்டினால் கடைக்காரர் அடுத்த தெருவில் வாங்குவார். ஆக, ஹோட்டல் கழித்துக்கொள்ளும் வரியை, வீட்டிலிருந்து உழைக்கும் பெண் தன் கையிலிருந்து கட்டுகிறார்.

வரி செலுத்துபவரின் ஆற்றலுக்கேற்ப இருக்க வேண்டும் என்று 1776இலேயே அடம் ஸ்மித் எழுதியதைப் பொருளியல் பாடத்தில் படிக்கிறோம். ஸகாத்துக்கு நிஸாப் என்றோர் அளவு உண்டு, அதற்குக் கீழே இருப்பவர் மீது அது கடமையில்லை என்பதை அதற்கு முன்பே மத்ரஸாவில் படித்துவிட்டோம். சிலிண்டர் மீதான வரிக்கு அப்படி எந்த எல்லையும் இல்லை. மாளிகையும் ஓலைக் குடிசையும் அதற்கு ஒன்றுதான்.

இதற்கு மறுப்பும் உண்டு. நாடு கடனில் மூழ்கியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் தர இணங்கியபோது வருமானத்தைக் கூட்டுவதாக அரசு ஒப்புக்கொண்டது. உண்மைதான். 2022இல் எரிவாயு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அரசிடம் பணமில்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை அடுப்படியில் தேட வேண்டாம் என்கிறேன்.

"ஏழைகள் விறகில்தானே சமைக்கிறார்கள், எரிவாயு வரி அவர்களை எப்படிப் பாதிக்கும்?" என்றும் கேட்கிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன. அவர்களைப் புகையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டிய அரசு, வெளியே வரும் வாசலிலேயே வரியை வைத்திருக்கிறது. வீட்டுப் புகையால் உலகில் வருடத்துக்குப் பல இலட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அந்தப் புகைக்கு மிக அருகில் நிற்பவர்கள் பெண்களும் அவர்களது இடுப்பிலுள்ள குழந்தைகளும்தான். விறகு இலவசம் என்பவர்கள், அதைப் பொறுக்கும் நேரத்தையும் உம்மாவின் இருமலையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

செய்யக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. ஹோட்டல்களுக்குரிய 37.5 கிலோ சிலிண்டர் வேறு, வீட்டுக்குரியவை வேறு. ஆகவே வீட்டுச் சிலிண்டருக்கு மீண்டும் வரிவிலக்கு கொடுப்பது கடினமான காரியமல்ல. எல்லாவற்றுக்கும் இப்போது முடியாதென்றால், கையில் காசு குறைந்தவர்கள் வாங்கும் சிறிய சிலிண்டர்களிலிருந்தாவது தொடங்கலாம். அதனால் குறையும் வருமானத்தை ஆடம்பரப் பொருட்களிலும், வரி ஏய்ப்பவர்களிடமும் தேடட்டும்.

இதை வாசிக்கும் பெற்றோரே, வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருபவர்களிடம் வீதியையும் வடிகானையும் பற்றிக் கேட்பீர்கள். இனி அடுப்பைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். தோழிகளே, நீங்கள் உங்கள் வீட்டுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நான் இந்தக் கட்டுரையை எழுதியதும் அதிகாலையில்தான், அடுப்பு பற்றும்வரை காத்திருந்த நேரத்தில். வெள்ளைச் சீருடையில் புகை வாசத்துடன் வகுப்புக்கு வரும் மாணவி நான் மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும்.