கூட்டறிவும் மனச்சுமையும்

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடிப்போரின் வலிமை மட்டும் போதாது. சில்லுக்கு முட்டுக்கட்டை போடுபவர் எப்போது போடுவார் என்பதை இழுப்போரும், இழுப்போர் எப்போது இழுப்பர் என்பதை அவரும் அறிந்திருத்தல் வேண்டும். இல்லையேல் தேரும் நகராது, நெஞ்சும் பதறும். புதிய பொருள்களை ஆக்கும் தொழிற்கூடங்களிலும் நிலைமை இதுவே.

ஏயார்பஸ் நிறுவனத்தார் ஏ380 என்னும் ஈரடுக்கு விமானத்தை ஆக்கிய வரலாற்றை நோக்குவோம். அதன் உடற்பகுதிகள் சில ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் மின்கம்பிகள் பொருத்தப்பெற்று, இறுதி இணைப்புக்காகப் பிரான்சின் துலூஸ் நகருக்கு வந்தன. ஒரு விமானத்துள் ஓடும் கம்பியின் நீளம் ஏறத்தாழ 530 கிலோமீற்றர். ஈரிடத்தாரும் ஒரே வரைபடக் கணனி நிரலின் வெவ்வேறு பதிப்புகளைக் கையாண்டனர். ஒரு சாரார் செய்த மாற்றம் மறுசாராரின் வரைபடத்திற் செவ்வனே தோன்றவில்லை. விளைவு யாது? இணைக்க முயன்றபோது கம்பிகள் பல எட்டாமற் போயின. 2006 ஆம் ஆண்டில் தாமதத்தின்மேல் தாமதம் அறிவிக்கப்பட்டது; தலைமை அதிகாரிகள் பதவி துறந்தனர். முதல் விமானம் சிங்கப்பூர் விமான சேவையாரிடம் சென்றது 2007 ஒக்டோபரிலேதான்.

இப்பிழையைப் பணத்தால் அளந்தோர் பலர். செய்த வேலையைப் பிரித்து மீண்டும் செய்த தொழிலாளியின் உள்ளத்தை அளந்தவர் எவர்? உடலுழைப்பின் களைப்பு ஓரிரவு உறக்கத்தில் தீரும். 'நாம் அறியாமல் எங்கோ ஏதோ மாறிவிட்டதோ' என்னும் ஐயமோ உறக்கத்தையே கெடுத்துவிடும்.

1990களின் முற்பகுதியில் 777 விமானத்தை வரைந்த போயிங் நிறுவனத்தார் வேறு வழி கண்டனர். வரைபவரையும் ஆக்குபவரையும் 200க்கு மேற்பட்ட குழுக்களில் ஒருங்கே அமர்த்தினர். விமானம் வாங்குவோரையும் அழைத்துக் கலந்துரையாடினர். பொருத்தும் தளத்தில் வெடிக்க வேண்டிய சிக்கல்கள் பல கணனித் திரையிலேயே தீர்ந்தன.

இதனால் எல்லாரும் எல்லாவற்றையும் கற்க வேண்டும் என்பதன்று. அதுவும் ஒரு சுமையே. எவருக்கு எது தெரியும் என்பதை அனைவரும் அறிந்திருந்தாற் போதும். அமெரிக்க உளவியலறிஞர் டானியல் வெக்னரும் சகபாடிகளும் 1985 இல் இக்கருத்தை விளக்கினர். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் தொழிற்சாலையன்று, நெருங்கி வாழும் இருவரின் இல்லறமே என்பது சிந்திக்கத்தக்கது.

'எனக்கு மட்டுமே தெரியும்' என்பது பெருமை போலத் தோன்றும். ஆனால் அத்தகையவர் ஒருநாள் நோயுற்றுப் படுக்கவும் இயலாதவராகிறார். பிள்ளைகளின் மருந்து எது, கட்டணம் கட்டும் நாள் எது என்ற அனைத்தையும் தாய் ஒருத்தியே மனத்திற் சுமக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை! வேலையைப் பங்கிடுமுன் அறிவைப் பங்கிடுவோம். மாணவர்களும் கூட்டுவேலை தொடங்குமுன், யார் எதை அறிவார் என்பதை ஒரு தாளில் எழுதி நடுவே வைப்பார்களாக.