அடுக்களைப் புகைபோக்கியை அடைக்கலாமா?

2016-ம் வருஷத்தில் ஆரம்பித்த உஜ்வலா திட்டத்தினால் ஏழைக் குடித்தனங்களிலும் காஸ் அடுப்பு வந்திருக்கிறது. விறகுப் புகையால் கண்ணும் மார்பும் கெட்டு வருந்திய பெண்மக்களுக்கு இது பெரும் நன்மையே. மீண்டும் விறகுக்குத் திரும்புமாறு யாம் கூறவில்லை. ஆனால் கண்ணுக்குப் புகை தெரியாமையால் கெடுதலே இல்லையென்றெண்ணிக் குடியானவர் பலர் பழைய புகைபோக்கியை அடைத்துவிடுகின்றனர். இது பெருந்தவறென்பது எமது அபிப்பிராயம்.

காஸ் ஜ்வாலையின் கடும் உஷ்ணத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் டை ஆக்ஸைடு உண்டாகிறது. இது மூச்சுக்குழலை உறுத்தி ஆஸ்துமாவை அதிகரிக்கச் செய்யும். இதன் வருஷ சராசரி, கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோ கிராமுக்கு மேற்படலாகாதென்றிருந்த உலக சுகாதார ஸ்தாபனம், 2021-ல் அவ்வளவை 10 ஆகக் குறைத்தது. மேலும், காற்றுப் போதாமல் எரியும் அடுப்பில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நிறமும் மணமுமற்ற விஷவாயு பிறக்கும்.

ஆகையால் சமைக்கும்போது ஜன்னலும் புகைபோக்கியும் திறந்திருத்தல் அவசியம். ஜ்வாலை நீலமாயிராமல் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படிந்தால், பர்னரின் துவாரங்களைச் சுத்தம் செய்யவேண்டும். கசியும் காஸ் காற்றினும் கனமாதலால் தரையில் தங்கும். அதற்குத் தாழ்ந்த துவாரமும் வேண்டும்.

புதுவீடு கட்டுவோருக்குக் கிராம அதிகாரிகள் இவற்றை எடுத்துரைப்பார்களாக. மாட்டுக்கொட்டிலுக்குக் காற்றோட்டம் தேடும் நாம், நமக்கு அன்னமிடுவோர் நிற்குமிடத்திற்கு அதை மறுப்பது நியாயமாமோ?