ஆறு வருஷ வழக்கு, ஒரு மாதத் தண்டனை!

2018 ஏப்ரலில் சென்னை ராஜ்பவனில் அன்றைய கவர்னர் பன்வாரிலால் புரோஹித் நிருபர்களைச் சந்தித்தார். கேள்வி கேட்ட ஒரு பெண் நிருபரின் கன்னத்தைத் தட்டினார். அந்தப் பெண் துணிந்து கண்டித்தார். கவர்னர் மன்னிப்புக் கேட்டார். விஷயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். பாரதீய ஜனதா பிரமுகரும் முன்னாள் எம்.எல்.ஏ.யுமான நடிகர் எஸ்.வி. சேகருக்கு அது பொறுக்கவில்லை. பெண் நிருபர்கள் மேலிடத்தாருக்கு இணங்கித்தான் பிழைக்கிறார்கள் என்று பொருள்பட யாரோ எழுதிய ஆபாசத்தைத் தமது பேஸ்புக்கில் ஊரறியப் பரப்பினார். எதிர்ப்புக் கிளம்பியதும், படிக்காமலே அனுப்பிவிட்டேன் என்று சமாதானம் சொன்னார்.

சர்க்கார் என்ன செய்தது? வழக்குப் பதிவாயிற்று. முன்ஜாமீன் தர ஐகோர்ட் மே மாதமே மறுத்தது. போலீசார் அவரைக் கைது செய்தார்களா? இல்லை! ஜூன் 20-ந் தேதி அவராகவே எழும்பூர் கோர்ட்டுக்கு வந்தார், ஜாமீன் பெற்றார், வீடு திரும்பினார். வழக்கை ரத்துச் செய்யக் கோரி ஐகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று படியேறி 2023-ல் இரண்டிலும் தோற்றார். அனுப்பிய செய்தி வில்லை விட்டுப் புறப்பட்ட அம்பு போன்றது என்று ஐகோர்ட் நீதிபதி சொன்னது நியாயமான பேச்சு. 2024 பிப்ரவரியில் தண்டனை வந்தது: ஒரு மாதம் வெறுங்காவல், 15,000 ரூபாய் அபராதம். அதுவும் அப்பீலுக்காக நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஜனவரியில்தான் ஐகோர்ட் அதை ஊர்ஜிதம் செய்தது.

நம் திருவண்ணாமலை ஜில்லாவைப் பாருங்கள். செய்யாறு பக்கம் மேல்மாவில், சிப்காட்டுக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடிய விவசாயிகளில் 7 பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. நாடு கொதித்த பிறகுதான் 6 பேர் மீதான உத்தரவு வாபசாயிற்று. இங்கே யாரும் ஆறு வருஷம் காத்திருக்கவில்லை. ஆளும் கட்சி மாறினாலும் போலீசாரின் வேகம் ஆளைப் பார்த்துத்தான் வருகிறது.

டில்லியின் கதை இன்னும் மோசம். 2021 ஜூலையில் முஸ்லிம் பெண்களின் படங்களை இணையத்தில் போட்டுக் கயவர்கள் ‘ஏலம்’ கூறினார்கள். பத்திரிகைப் பெண்களும் அவர்களில் உண்டு. டில்லி போலீஸ் வழக்கைப் பதிந்துவிட்டு உறங்கியது. 2022 ஜனவரியில் அதே அக்கிரமம் மீண்டும் நடந்து, பம்பாய் போலீசார் ஆட்களைப் பிடித்த பிறகுதான் அங்கே விழிப்பு வந்தது.

மில்லுக்கும் வயலுக்கும் போகிற நமக்கு இதில் என்ன என்று சில தோழர்கள் கேட்கலாம். கூலிப் பாக்கியையும் காலனிக்குத் தண்ணீர் வராததையும் எழுத நம் தெருவுக்கு வருகிறவர்களில் இன்று பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தூற்றித் துரத்திவிட்டால் நம் குறையை யார் எழுதுவார்? பண்ணையாரையும் மேஸ்திரியையும் எதிர்த்து வாய் திறந்த நம் பெண்களுக்கு ‘நடத்தை கெட்டவள்’ என்று பட்டம் கட்டினார்களே, அதே பழைய ஆயுதம்தான் இது. கைபேசி வந்ததால் ஒரு நிமிஷத்தில் ஊரெங்கும் போகிறது. நம்மவர்களிலும் சிலர் இத்தகைய அசிங்கங்களைச் சிரித்துக்கொண்டே அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். படிக்காமல் அனுப்பினேன் என்ற சாக்கு அவர்களுக்கும் செல்லாது.

2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டசபை, பெண்களுக்கு இழைக்கும் தொல்லையைத் தடுக்கும் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியது. வரவேற்கிறோம். ஆனால் சேகரைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டது சட்டத்தில் இருந்த ஓட்டை அல்ல. பிடிக்க வேண்டிய கை நீளாததுதான். புகார் கொடுக்கும் பெண்ணை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அலையவிடாமல் அன்றே வழக்குப் பதிய வேண்டும். முன்ஜாமீன் மறுக்கப்பட்டவர் எந்தக் கட்சிப் பிரமுகராயினும் கைது செய்ய வேண்டும். விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சர்க்காரை வற்புறுத்துகிறோம்.