மீனுக்கு முன்னால் தண்ணீரை வளருங்கள்

வீட்டில் கடல் மீன் தொட்டி வைக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. தொட்டியை வாங்குங்கள். பம்பையும் வடிகட்டியையும் வாங்குங்கள். உப்பை வாங்குங்கள். மீனை மட்டும் ஆறு வாரத்துக்கு வாங்காதீர்கள்.

"மீன் இல்லாமல் ஒரு மீன் தொட்டியா?" என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். தம்பியோ தங்கையோ தினமும் வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் என்று அவர்கள் நினைக்கும் அந்தத் தொட்டியில்தான் உண்மையான வேலை நடந்துகொண்டிருக்கும்.

கடல் மீன் வளர்ப்பது தங்க மீன் வளர்ப்பதுபோல அல்ல. ஏன் என்று பார்ப்போம். உங்கள் பாடப் புத்தகத்தில் சவ்வூடு பரவல் படித்திருப்பீர்கள். எலும்பு மீன்களின் உடல் திரவத்தில் உள்ள உப்பு, கடல் நீரில் உள்ளதைப்போல ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கடலுக்குள்ளேயே இருந்தாலும், கடல் மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. தண்ணீருக்குள் இருந்துகொண்டே அது தாகத்தில் தவிக்கிறது! இழந்த நீரை ஈடுகட்ட அது கடல் நீரையே குடிக்கிறது. கூடவே வரும் உப்பைச் செவுளில் உள்ள தனிச் செல்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. இதற்கெல்லாம் ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆனால் 25 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளுமென்றால், கடல் நீரால் 7 மில்லிகிராம்கூட வைத்துக்கொள்ள முடிவதில்லை. கோடையில் நீர் சூடானால் அதுவும் குறையும்.

போதாததற்கு, கடல் மீனுக்கு மாற்றம் பழக்கமில்லை. குளத்து மீன் மழையையும் வெயிலையும் பார்த்து வளர்ந்தது. பவளப் பாறையில் வாழும் மீனுக்கோ, நேற்றைய கடலும் இன்றைய கடலும் ஒன்றுதான். அந்த மாறாத கடலை நான்கு கண்ணாடிகளுக்குள் நாம் செய்து காட்ட வேண்டும்.

முதலில் உப்பைப் பற்றி ஒரு கதை. 1872 முதல் 1876 வரை 'சாலஞ்சர்' என்ற ஆங்கிலேயக் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி வந்து ஆராய்ந்தது. அது கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலார் பகுத்துப் பார்த்து, 1884-இல் முடிவை வெளியிட்டார். எந்தக் கடலின் நீராக இருந்தாலும், மொத்த உப்பின் அளவு கூடலாம், குறையலாம். ஆனால் அதிலுள்ள முக்கியப் பொருள்களின் விகிதம் அநேகமாக ஒன்றே! ஒரு கிலோ கடல் நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு. அதில் குளோரைடு சுமார் 19 கிராம். சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பிறகு சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம். இந்த விகிதம் மாறாதது என்பதால்தான் செயற்கைக் கடல் உப்பைப் பொட்டலத்தில் விற்க முடிகிறது.

"சமையல் உப்பைக் கரைத்தால் ஆகாதா? அதுவும் கடலிலிருந்து வந்ததுதானே?" என்று ஒரு கெட்டிக்காரர் கேட்பார். ஆகாது. தூத்துக்குடி உப்பளத்தை எண்ணிப் பாருங்கள். கடல் நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. பிறகு சோடியம் குளோரைடு விளைகிறது. மக்னீசிய உப்புகள் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. நம் சமையலறைக்கு வருவது நடுவில் விளைந்த ஒரு பகுதி மட்டுமே. உப்பளத்துக்காரருக்கு அதுதான் வேண்டும். மீனுக்கு முழுக் கடலும் வேண்டும். கடற்கரை ஊர்க்காரர்கள் குடத்தில் கடல் நீர் கொண்டுவரலாமே என்று நினைக்கலாம். ஊரை ஒட்டிய நீரில் சாக்கடையும் கலந்திருக்கும். ஆற்று முகத்துவாரம் அருகே மழைக்காலத்தில் உப்பும் குறைந்துவிடும். என் ஓட்டு பொட்டல உப்புக்கே.

இப்போது தொட்டி. சின்னதாகத் தொடங்கிப் பிறகு பெரிதாக்கலாம் என்பது பொதுவாக நல்ல கொள்கை. இங்கே அது தலைகீழ். 90 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம் உள்ள தொட்டியில் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் 144 லிட்டர். ஏறத்தாழ 5 கிலோ உப்பு கரைக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நீர் ஆவியானால், உப்பு உள்ளேயே நின்றுவிடுவதால், 35 என்பது 36-ஐ நெருங்கும். அதே ஒரு சென்டிமீட்டர், 20 சென்டிமீட்டர் உயரமே உள்ள சிறிய தொட்டியில் ஆவியானால் 37-ஐ நெருங்கிவிடும்! ஆகவே ஆவியான அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும்; உப்பு நீரை அல்ல. ஒப்படர்த்தியை அளக்கும் திரவமானி ஒன்று கையில் இருக்கட்டும். 25 டிகிரியில் 1.025-ஐ ஒட்டி நின்றால் சரி. தொட்டியை வைக்கும் மேசை உறுதியானதா என்றும் பாருங்கள். நீர் மட்டுமே 150 கிலோ வரும். படிப்பு மேசை தாங்காது.

இனிதான் ஆறு வாரக் கதை.

மீன்கள் தம் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகின்றன. கடலுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. 144 லிட்டர் தொட்டிக்கோ இது நஞ்சு. அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும்: அதிகத் தீங்கில்லாத அம்மோனியம் அயனியாகவும், செவுளுக்குள் எளிதில் புகும் அம்மோனியாவாகவும். பி.எச். அளவு ஏறினால் இரண்டாவது வடிவம் பெருகும். நடுநிலை நன்னீரின் பி.எச். 7, கடல் நீரின் பி.எச். சுமார் 8.2. இந்தச் சிறு வித்தியாசமே நச்சு வடிவத்தைப் பத்து மடங்குக்கு மேல் கூட்டிவிடுகிறது. தங்க மீன் தாங்கும் அழுக்கைக் கடல் மீன் தாங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நஞ்சை முறிப்பவர்கள் யார்? நுண்ணுயிரிகள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டால் அவ்வளவு ஆபத்து இல்லை. அவ்வப்போது நீரில் ஒரு பகுதியை மாற்றினால் போதும். இது இரண்டு கூட்டங்கள் செய்யும் இரண்டு தனி வேலைகள் என்பதை 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி மண்ணை ஆராய்ந்து காட்டினார். கதை அத்துடன் முடியவில்லை. அம்மோனியாவை மாற்றுவன பாக்டீரியாக்கள் மட்டுமே என்று நூறு ஆண்டுகளுக்கு மேல் நம்பிவந்தார்கள். 2005-இல் ஆர்க்கியா என்ற வேறொரு பிரிவைச் சேர்ந்த நுண்ணுயிரியும் இதைச் செய்கிறது என்று தெரிந்தது. அதை எங்கிருந்து பிரித்தெடுத்தார்கள் தெரியுமா? அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மீன் காட்சியகத்தில், ஒரு கடல் தொட்டியின் அடியில் கிடந்த கூழாங்கற்களிலிருந்து! இவ்வகை உயிரிகள் இன்று உலகக் கடல்கள் எங்கும் காணப்படுகின்றன.

இந்தக் கூட்டங்கள் உங்கள் தொட்டியிலும் குடியேறிப் பெருக வேண்டும். அவை மெதுவாகப் பெருகுபவை. ஆகவேதான் ஆறு வாரம் என்கிறேன். செய்ய வேண்டியது எளிது. நீரைக் கலக்கி, பம்பை ஓடவிட்டு, துளைகள் நிறைந்த வடிகட்டிப் பொருளை உள்ளே வையுங்கள். ஒரு சிறு இறால் துண்டைப் போட்டு அழுகவிடுங்கள். நாற்றத்தைப் பற்றி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. சோதனைச் சொட்டு மருந்துகள் கடையில் கிடைக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து வரைபடத் தாளில் குறியுங்கள். முதலில் அம்மோனியாக் கோடு மலைபோல ஏறும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட்டுக் கோடு ஏறும். பிறகு அதுவும் இறங்கும். இரண்டும் பூச்சியத்தைத் தொட்டு அங்கேயே நின்றால், தண்ணீர் தயார். சிலருக்கு நான்கு வாரத்தில் முடியும். சிலருக்கு எட்டு வாரமும் ஆகும். நாள்காட்டியை நம்பாதீர்கள், வரைபடத்தை நம்புங்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கும் சில கடைக்காரர்களுக்கும் சண்டை. "விலை மலிவான மீன் ஒன்றை முதலில் விடுங்கள், தண்ணீர் பழகிவிடும், அது செத்தாலும் பெரிய நட்டமில்லை" என்பார்கள். இறால் துண்டு செய்யும் வேலையை உயிருள்ள மீனை வைத்துச் செய்விப்பது இது. செவுள் எரிந்து அது மூச்சுத் திணறுவதை விஞ்ஞானத்தின் பெயரால் நாம் வேடிக்கை பார்க்க வேண்டுமா? வேறு வழி இல்லாவிட்டால் விவாதிக்கலாம். வழி இருக்கிறது, அதுவும் மலிவான வழி.

மீன் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. கடையில் காணும் நன்னீர் வண்ண மீன்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் வண்ண மீன்களில் மிகப் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. பிலிப்பைன்சில் 1960-களில் ஒரு கொடிய முறை பரவியது: பவளப் பாறையின் இடுக்கில் சயனைடு கரைசலைப் பீச்சி, மயங்கி வெளியே வரும் மீனைப் பிடிப்பது. பாறையைக் கட்டும் பவள உயிரிகள் அந்த நஞ்சில் மடிகின்றன. பிழைத்த மீனும் பார்வைக்கு நன்றாக இருந்து, சில வாரம் கழித்துச் சாகலாம். சட்டம் தடுத்த பின்னும் இந்த வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. கைவலையால் கவனமாக மீன் பிடித்துப் பிழைக்கும் கடலோர மக்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கடையில் நிற்கும் உங்களால் இந்த மீனையும் அந்த மீனையும் பிரித்தறிய முடியாதே!

ஆசையால் கடற்கரை வெறுமையான கதை பழையது. இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் கடல் தொட்டி வைக்கும் கலையைத் தம் நூல்களால் பரப்பினார். லண்டன் விலங்குக் காட்சியகத்தில் முதல் பொது மீன் காட்சியகம் 1853-இல் திறக்கப்பட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. வீட்டுக்கு வீடு தொட்டி என்று மோகம் பிடித்தது. கூடையும் வாளியுமாகக் கூட்டம் பாறைக் குட்டைகளுக்குப் போயிற்று. அந்தக் குட்டைகள் சூறையாடப்பட்டதை அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட நூலில் வருத்தத்துடன் பதிவு செய்தார். கடலை நேசித்தவர்தாம் கூட்டத்தைக் கடலுக்கு அழைத்துப் போனார்.

நம் பக்கத்திலும் ஒரு கருவூலம் உண்டு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. சுற்றுலா போகும்போது அங்கிருந்து பவளத் துண்டையோ கடல் குதிரையையோ தொட்டிக்கென்று கொண்டுவரலாம் என்று நினைக்காதீர்கள். இவை 2001-இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. புலிக்கு உள்ள அதே சட்டம்.

அப்படியானால் எந்த மீன்? என் தேர்வு கோமாளி மீன். 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் பார்த்திருப்பீர்களே, ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை, அதுதான். அழகுக்காகச் சொல்லவில்லை, அதைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறை மனிதனுக்குக் கைவந்துவிட்டது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையப் பிரிவும் இதில் வெற்றி கண்டிருக்கிறது. அதே படத்தில் வரும் நீல மீனையோ 2016 வரை யாராலும் வளர்ப்பில் குஞ்சிலிருந்து பெரிதாக்க முடியவில்லை. அந்த ஆண்டில்தான் புளோரிடா பல்கலைக்கழகத்தார் அதைச் சாதித்தனர். ஆகவே கடைக்காரரிடம், "இது பண்ணைக் குஞ்சா, கடலில் பிடித்ததா?" என்று கேளுங்கள். உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். பண்ணைக் குஞ்சு பாய்ந்து வந்து தின்னும். இரண்டு சிறு குஞ்சுகள் போதும். குஞ்சிலே எல்லாம் ஆணாகவே முதிரும். பிறகு பெரியது பெண்ணாக மாறும். பெண் இறந்தால் துணையாக இருந்த ஆண் பெண்ணாகிவிடும். படக்காரர்கள் இதைச் சொல்லாமல் விட்டார்கள்! கடல் சாமந்தி இல்லாமலும் இவை நன்றாக வாழும். அதை வளர்ப்பது கடினம், வாங்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோமாளி மீன் இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. நீங்கள் படித்து முடித்து வேலைக்குப் போன பின்னும் அது இருக்கும். விடுதிக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்? மின்சாரம் நின்ற இரவில் யார் எழுந்து பேட்டரிப் பம்பை ஓடவிடுவார்? பதில் இல்லையென்றால் வகுப்பில் நான்கைந்து பேர் சேர்ந்து பள்ளி ஆய்வகத்தில் தொட்டி வைக்க ஆசிரியரைக் கேளுங்கள். அங்கே வரைபடம் போடவும் ஆள் கிடைக்கும்.

சலித்துப்போனாலும் மீனைக் கடலில் விடாதீர்கள். இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள். நம் இந்தியப் பெருங்கடலையும் பசிபிக்கையும் சேர்ந்த சிங்க மீன், அமெரிக்காவின் புளோரிடா கடலில் 1985-இல் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே காரணம் என்று கருதுகிறார்கள். இன்று அது கரீபியன் கடல் முழுதும் பரவி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. வாரந்தோறும் மாற்றி எடுக்கும் உப்பு நீரையும் பாட்டியின் ரோஜாச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள். குளியலறைச் சாக்கடையில் விடுங்கள்.